அன்கா என்ற சொல்லை உனக்குத் தந்தவள்

ஆரபி,

மூன்று கிழமைக்கு முன்பு, ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசையில் நீ கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் பொய். அதை முதலில் எழுதிவிடுகிறேன். சுகம் விசாரித்து, வெயிலைப் பற்றிச் சொல்லி, மெல்ல மெல்ல அந்த இடத்துக்கு வரலாம் என்று நினைத்தால் வராமலே விட்டுவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். இருபது வருடம் அப்படித்தான் வராமல் விட்டேன்.

அன்று நீ எவ்வளவு சந்தோஷமாக வந்தாய். ஜோர்தானில் ஒரு வருடம் அரபு படிக்க இடம் கிடைத்துவிட்டது, ஓகஸ்ட் மாதம் அம்மானுக்குப் போகிறேன் என்று நீ சொல்ல, அப்பா, "எந்த அம்மான்? அம்மாவின்ரை தமையனோ?" என்று பகிடி விட்டார். நீ சிரித்துக்கொண்டே உன் ஆய்வைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாய். அரபுக் கதைகளில் வரும் இராட்சதப் பறவைகளின் பெயர்கள் எங்கிருந்து வந்தன என்பதுதான் விஷயம் என்றாய். யானைகளைத் தூக்கிக்கொண்டு பறக்கும் ருக் என்ற பறவையின் பெயர் எந்த மொழியில் பிறந்தது என்று ஒருவராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை என்றாய். பாரசீகத்துச் சீமுர்க்கை 'முப்பது பறவை' என்று பிரித்துப் பொருள் சொல்வார்களாம்; ஆனால் உண்மையில் அது பருந்துக்கான மிகப் பழைய ஒரு சொல்லாம், சமஸ்கிருதத்துச் சியேனம் அதற்கு உறவாம். அடுத்த பெயர் என்னவென்று எனக்குத் தெரியும். நீ அதைச் சொன்னாய்.

"அன்கா எண்ட சொல்லை வகுப்பிலை முதல் கேட்கேக்கை, இது எனக்கு ஏற்கெனவே தெரியும் எண்டு பட்டது அம்மா. உடம்பெல்லாம் ஒருமாதிரிப் போச்சு. சின்னனிலை ஆரோ எனக்குச் சொல்லியிருக்கினம். ஆரம்மா அது?"

"எனக்கென்னெண்டு தெரியும்? ரீவியிலை பார்த்திருப்பாய்," என்றேன்.

அப்பா பாதிச் சாப்பாட்டில் கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பிப் போனார். பசியில்லை என்றார். நீ அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அவருக்குப் பசி இருந்தது.

அந்தச் சொல்லை இந்த வீட்டுக்குள் கொண்டு வந்தவள் நான். எனக்கு அதைத் தந்தவளின் பெயர் சல்மா. ஈராக்கின் பஸ்ரா நகரத்துக்காரி. அங்கே பெண்கள் பாடசாலையில் பதினொரு வருடம் அரபு இலக்கணம் படிப்பித்தவள். இங்கே என்னோடு ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் உருளைக்கிழங்கு சீவினாள். நாங்கள் இரண்டு பேரும் உடைந்த நோர்வேஜிய மொழியில்தான் கதைத்தோம். இங்கே தமிழில் எழுதும்போது அந்தப் பேச்சு திருத்தமாகிவிடுகிறது, அதை நினைவில் வைத்துக்கொள். வேலையின் முதல் நாளே என் மகளின் பெயரைக் கேட்டாள். ஆரபி என்றேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "இலங்கைக்காரி தன் மகளுக்கு அரபி என்று பெயர் வைத்திருக்கிறாளே!" அது ஒரு இராகத்தின் பெயர் என்று விளக்கிச் சொல்ல எனக்கு மொழி போதவில்லை. பாடிக் காட்டினேன். அதற்குப் பிறகு உன்னைத் தன் பிள்ளை என்றே சொல்லுவாள்.

சல்மாவுக்கு ஒரு சொல்லைக் கண்டால் அதை உரித்துப் பார்க்காமல் இருக்க முடியாது. அந்தப் பழக்கம் உனக்கும் இருக்கிறது; என்னிடமிருந்தும் வரவில்லை, அப்பாவிடமிருந்தும் வரவில்லை. ருக் பறவையைப் பற்றிச் சொல்லும்போது, சதுரங்கத்தில் நாங்கள் கோட்டை என்று சொல்லும் காய்க்கும் அரபில் அதே பெயர்தான் என்றாள். "உன் தீவுப் பக்கம் கப்பலில் போய்வந்த எங்கள் ஊர் மாலுமிகள்தான் அந்தப் பறவையின் முட்டை ஒரு மண்டபத்தின் கூரை அளவு என்று புளுகினார்கள்" என்பாள். எங்கள் பக்கத்துக் கதையிலும் யானையைக் கௌவிக்கொண்டு பறக்கும் இரண்டு தலைப் பறவை உண்டு என்று நான் சொன்னேன். ஒரு தலையே போதாதா என்று கேட்டாள். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அந்தச் சமையலறையில்தான்.

ஒருநாள் கரட் நறுக்கிக்கொண்டு இருக்கும்போது அன்காவின் கதையைச் சொன்னாள். உனுக் என்றால் கழுத்து. நீண்ட கழுத்துள்ளபடியால் அன்கா. அதன் முழுப்பெயர் அன்கா முக்ரிப். அந்த இரண்டாவது சொல்லின் வேரில்தான் மேற்கு, தொலைவு, அந்நியன் எல்லாம் பிறக்கின்றன என்றாள். "பிற தேசத்தில் கிடக்கும் எங்களைப் போன்றவர்களையும் அந்த வேரிலிருந்துதான் கூப்பிடுவார்கள். நீயும் நானும் கரீபா." பிறகு கதை. ஒரு மலையடிவாரத்துச் சனங்கள். மலையில் மனித முகத்தோடு ஒரு மிகப் பெரிய பறவை. அது மற்றப் பறவைகளைத் தின்று வாழ்ந்தது. ஒரு நாள் இரை கிடைக்கவில்லை. "அப்போது அது கீழே இறங்கி வந்து முதலில் ஒரு சின்னப் பையனைத் தூக்கிக்கொண்டு போனது" என்றாள். தூக்கியதையெல்லாம் திரும்பிவராத தொலைவுக்குக் கொண்டுபோவதால்தான் அதற்கு முக்ரிப் என்று பெயர் வந்ததாம்.

என் கை நின்றுவிட்டது. சல்மா என் முகத்தைப் பார்த்தாள். அடுப்பைக் குறைத்தாள். "யார்?" என்று ஒரு சொல்தான் கேட்டாள்.

ஆரபி, உனக்கு ஒரு அண்ணா இருந்தான். அவனுடைய பெயர் நிருபன். நாங்கள் நிரு என்று கூப்பிட்டோம். நீ பிறப்பதற்கு இரண்டரை வருடத்துக்கு முன்பு, நான்கு வயதில், செத்துப்போனான்.

இதை எழுதிவிட்டு எழும்பிப் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். அப்பா வேலைக்குப் போய்விட்டார். வீட்டில் நான் மட்டும்தான். தொடர்ந்து எழுதுகிறேன்.

அப்பா அப்போது நோர்வேக்கு வந்துவிட்டார். நானும் நிருவும் சண்டையில் இடம்பெயர்ந்து வன்னியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். ஒரு வகுப்பறையில் ஏழு குடும்பம். எங்களுக்குச் சுவரோரமாக ஒரு பாய் விரிக்க இடம் கிடைத்திருந்தது. நிருவுக்குக் காய்ச்சல் தொடங்கியது. ஆஸ்பத்திரி தூரம். எழும்பிப் போனால் அந்த இடத்தில் வேறு ஆட்கள் வந்துவிடுவார்கள், மழைக்குள் எங்கே நிற்பது என்று யோசித்தேன். சாதாரணக் காய்ச்சல்தான், நாளைக்கு விட்டுவிடும் என்று மூன்று நாள் பார்த்தேன். நான்காம் நாள் பக்கத்துக் குடும்பத்துப் பெடியன் ஒருவனின் சைக்கிளில் பின்னால் இருந்து நிருவை மடியில் வைத்துக்கொண்டு போனேன். போகிற வழியில் அவனுடைய உடம்பு குளிர்ந்தது. காய்ச்சல் விட்டுவிட்டது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். அதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. சல்மாவுக்கு மட்டும் சொன்னேன்.

அவள் என் பங்குக் கரட்டையும் தானே நறுக்கி முடித்தாள். அடுத்த கிழமை முதல், தன் வேலை எனக்கு முன்பே முடிகிற இரண்டு நாட்களில், உன்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து தான் கூட்டிவருவதாகச் சொன்னாள். பேருந்தில் அவளுடைய மடியில் இருந்து நீ வந்த நாட்கள் உனக்கு நினைவில்லை. நினைவில்லாமல் போகும்படி செய்தவளும் நான்தான்.

உனக்கு ஆறு வயது நடக்கும்போது, என் சேலைகளுக்கு அடியிலிருந்து நிருவின் படத்தை எடுத்துக்கொண்டு வந்து நின்றாய். "இது ஆர்?" என்றாய். அண்ணா என்று வாய் தவறி வந்துவிட்டது. "இப்ப எங்கை?" என்றாய். உண்மையைச் சொல்ல எனக்கு வரவில்லை. செத்துப்போனான் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாய். ஏன் என்பதற்கு என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அதனால் சல்மாவின் கதையை எடுத்தேன். பெரிய பறவை ஒன்று வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டது என்றேன். நீ அழவில்லை. "பறவைக்கு என்ன பேர்?" என்று கேட்டாய். சொன்னேன். "திரும்பி வருமா?" என்று கேட்டாய். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. நான் பதில் சொல்லாததை நீ உன்பாட்டில் விளங்கிக்கொண்டாய்.

அதற்குப் பிறகு நீ வெளியே விளையாடப் போக மறுத்தாய். நல்ல வெயிலிலும் குடை பிடித்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனாய். மேலே இருந்து பார்த்தால் நீ தெரியக்கூடாதாம். ஆஸ்பத்திரி ஹெலிகொப்டர் ஒன்று பள்ளிக்கூடத்துக்கு மேலால் போனபோது மேசைக்குக் கீழே புகுந்து, வெளியே வரமாட்டேன் என்று கத்தினாயாம். ஆசிரியை கேட்டபோது, எனக்கு ஒரு அண்ணா இருந்தான், அவன் இப்போது வீட்டில் இல்லை, கேட்டால் அம்மா அழுவாள், சொல்லக்கூடாது என்று சொல்லியிருக்கிறாய். பள்ளிக்கூடப் பதிவில் எங்களுக்கு ஒரே ஒரு பிள்ளைதான். நீயே யோசித்துப் பார், அந்த ஆசிரியை என்ன நினைத்திருப்பாள். அவள்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை.

கூப்பிட்டார்கள். ஆசிரியையும், பிள்ளைகள் நல அலுவலகத்திலிருந்து வந்த ஒரு பெண்ணும் இருந்தார்கள். அப்பாவுக்கு வேலை; நான் தனியாகப் போனேன். மொழிபெயர்ப்பாளர் ஒருவரைத் தொலைபேசியில் எடுக்கவா என்று கேட்டார்கள். ஒஸ்லோவில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் என்றால் கோயிலில் காணுகிற ஆளாகத்தான் இருக்கும் என்று வேண்டாம் என்றேன். அந்த நாட்களில் நம்முடைய ஆட்கள் கூடும் இடமெல்லாம் இதே கதைதான்: அந்த வீட்டில் பிள்ளையை அலுவலகத்தார் தூக்கிவிட்டார்கள், இந்த வீட்டில் தூக்கிவிட்டார்கள். எது உண்மை, எது கூட்டிச் சொன்னது என்று ஒருவருக்கும் தெரியாது. உன்னுடைய படங்களை என் முன்னால் விரித்து வைத்தார்கள். எல்லாப் படத்திலும் நீண்ட கழுத்துள்ள பறவை, அதன் காலில் ஒரு பிள்ளை.

அந்தப் பெண் குரலை உயர்த்தவில்லை. "ஒரு மகன் இருந்திருந்தால் எங்களிடம் சொல்லலாம். நாங்கள் உதவி செய்யத்தான் வந்திருக்கிறோம்" என்றாள். அந்த நிமிடம் கதவு திறந்துதான் இருந்தது, ஆரபி. நான்கு சொல் சொன்னால் போதும். ஆனால் நான்கு சொல்லுக்குப் பிறகு என்ன கேட்பார்கள் என்று என் மனம் ஓடியது. எப்படிச் செத்தான்? எத்தனை நாள் காய்ச்சல்? ஏன் உடனே கொண்டுபோகவில்லை? முதல் பிள்ளையைப் பாய்க்காகச் சாகவிட்டவளிடம் இரண்டாவது பிள்ளையை விட்டுவைப்பார்களா?

"மகன் இல்லை. இவள் ஒரே பிள்ளை," என்றேன். "அப்படியானால் இந்தக் கதை எங்கிருந்து வந்தது?" என்று கேட்டாள். "சல்மா சொன்னது" என்றேன். அதோடு நிற்கவில்லை. "அவள் போருக்குள் இருந்து வந்தவள். அவளுக்குத் தலை சரியில்லை. பிள்ளையைப் பயமுறுத்துகிறாள்" என்றேன். இவ்வளவையும் ஒரு பிழையில்லாமல் நோர்வேஜிய மொழியில் சொன்னேன். அதற்கு முன்பு ஒருநாளும் அவ்வளவு திருத்தமாக நான் அந்த மொழியைக் கதைத்ததில்லை.

அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். இனிச் சல்மா பிள்ளையைக் கூட்டிப்போக வேண்டாம் என்று முடிவாகியது. நான் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வெளியே வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அதே பள்ளிக்கூடத்தில் அரபுப் பிள்ளைகளுக்குத் தாய்மொழி படிப்பிக்கும் வேலைக்குச் சல்மா விண்ணப்பம் போட்டிருந்தாள். நேர்முகமும் முடிந்திருந்தது. கிடைத்த மாதிரித்தான் என்று சொல்லி, போடுவதற்கு ஒரு நீலச் சட்டை தைத்து வைத்திருந்தாள். உள்ளே இருக்கும்போது அது எனக்கு நினைவுக்கு வரவில்லை என்று இருபது வருடமாக எனக்கே சொல்லிவந்தேன். இன்று அதையும் எழுதிவிடுகிறேன்: நினைவுக்கு வந்தது.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன்.

"சல்மாவுக்குச் செய்தது ஒரு பக்கம் இருக்கட்டும்," என்றார். "நீர் நிருவை இல்லையெண்டு சொல்லிப்போட்டீரே."

"பிள்ளையைக் கொண்டு போயிருப்பினம்."

"இப்பவும் போய்ச் சொல்லலாம். நானும் வாறன். வாரும்."

"மாட்டன்."

"அந்த மனுசியின்ரை வேலை போகப்போகுது."

"போகட்டும்," என்றேன். அந்தச் சொல் என் வாயிலிருந்துதான் வந்தது.

அதற்குப் பிறகு அப்பா இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. நிருவின் படத்தைத் தன்னுடைய வேலையிடத்து அலுமாரியில் கொண்டுபோய் வைத்துக்கொண்டார். உன்னிடம் நான், உனக்கு அண்ணா ஒருவரும் இல்லை, அது சல்மா அன்ரி சும்மா சொன்ன கதை, பறவையும் இல்லை, ஒன்றும் இல்லை என்றேன். நீ மாதக்கணக்காகச் சல்மா அன்ரி எப்போது வருவா என்று கேட்டாய். பிறகு கேட்பதை விட்டாய். பிறகு மறந்தாய். நீ மறந்தது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த அலுவலகத்திலிருந்து, மேலே ஒன்றும் செய்யத் தேவையில்லை என்று ஒரு கடிதம் வந்தது. அது வரும்வரை தபால்பெட்டியை ஒவ்வொரு நாளும் இரண்டு மூன்று தரம் திறந்து பார்த்தேன். நிருவின் பெயர் நான் நோர்வேக்கு வரக் கொடுத்த பத்திரங்களில் இருந்தது. ஒருவர் தேடியிருந்தால் கண்டுபிடித்திருப்பார்.

சல்மாவுக்கு வேலை கிடைக்கவில்லை; தலை சரியில்லாதவள், பிள்ளையைப் பயமுறுத்துகிறாள் என்ற பேச்சும் பள்ளிக்கூடத்திலிருந்து அவளுடைய காதுக்கு வந்திருந்தது. ஒருநாள் சமையலறையில் என் முன்னால் வந்து நின்றாள். "அவர்களிடம் என்ன சொன்னாய்?" என்று கேட்டாள். "நான் ஒன்றும் சொல்லவில்லை" என்றேன். அவள் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். மூன்று கிழமை என்னருகில் நின்று, ஒரு சொல் பேசாமல், உருளைக்கிழங்கு சீவினாள். அவள் நினைத்திருந்தால் அந்த அலுவலகத்துக்குப் போய் நிருவைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். சொன்னால் தன்மேல் விழுந்த பழி போயிருக்கும். என் இரகசியத்தை அவள் உடைக்கவில்லை. பிறகு தன் தம்பி இருக்கிற, மேற்குக் கடற்கரை நகரமான ஸ்தவாங்கருக்குப் போய்விட்டாள்.

மூன்று கிழமைக்கு முன்பு நீ அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுப் போன பிறகு, அப்பா கோப்பைகளைக் கழுவிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "பிள்ளை தன்ரை படிப்பை அந்தச் சொல்லிலை கட்டுறாள். அது ஆரின்ரை எண்டு தெரியாமலே கட்டுறாள்." எங்களோடு முன்பு வேலை செய்த சமையற்காரி ஒருத்தியிடம் விசாரித்துச் சல்மாவின் விலாசத்தை எடுத்தேன். அடுத்த வியாழக்கிழமை காலை விமானத்தில் ஸ்தவாங்கருக்குப் போனேன். அன்று நீ தொலைபேசி எடுத்தாய், நினைவிருக்கிறதா?

"எங்கை நிக்கிறியள் அம்மா?"

"ஸ்ட்ரோம்மனிலை. கடைக்கு வந்தனான்."

"கடைக்குள்ளை என்ன இப்பிடிக் காத்து இரையுது?"

அது ஸ்தவாங்கரின் கடற்காற்று. நான் அப்போது சல்மாவின் கட்டடத்துக்கு முன்னால் நின்றுகொண்டு இருந்தேன். உண்மையைச் சொல்வதற்காகப் போன இடத்திலும் வாசலில் நின்று இன்னொரு பொய். தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விடலாமா என்று பேருந்துத் தரிப்புவரை நடந்தேன். பிறகு திரும்பி வந்து அழைப்பு மணியை அழுத்தினேன்.

கதவைத் திறந்தவள் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். முடி முழுவதும் வெள்ளை. கைகள் இரண்டும் வெடித்துச் சிவந்திருந்தன. இந்த இருபது வருடமும் ஒரு விடுதியின் சலவைப் பகுதியில் வேலை செய்திருக்கிறாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். உனக்குச் சொன்ன கதை, அந்த அறை, நான் சொன்ன சொற்கள், அங்கே இருக்கும்போதே அந்த நீலச் சட்டை எனக்கு நினைவுக்கு வந்ததுகூட. மன்னித்துக்கொள் என்றேன்.

"நீ பயந்தாய் என்று எனக்கு அன்றைக்கே தெரியும்" என்றாள் சல்மா. "பயந்ததற்காக நான் கோபப்படவில்லை. என்னைக் கேட்டிருந்தால் நான் உன்னோடு வந்திருப்பேன். உன் கையைப் பிடித்துக்கொண்டு அந்த அறையில் இருந்திருப்பேன். ஆனால் எனக்குத் தலை சரியில்லை என்று சொன்னாய். அதற்குப் பிறகு நான் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் எழுதிப்போடவில்லை. கேட்டால் பழைய இடத்தில் விசாரிப்பார்கள் என்று பயந்தேன். உன் பயத்தை எனக்குத் தந்துவிட்டுப் போய்விட்டாய்."

நான் அழுதேன். "என் வாசலில் அழாதே" என்றாள். "உன்னுடைய மன்னிப்பை வைத்து நான் என்ன செய்வது? எழுதிக் கொடு. அங்கே என் பெயரை எந்தத் தாளில் எழுதினார்களோ, அந்தத் தாளுக்கு மேலே நீ பொய் சொன்னாய் என்று இன்னொரு தாள் இருக்க வேண்டும்."

திரும்பி வந்து இரண்டு நாள் எழுதினேன். அப்பா எழுத்துப்பிழை பார்த்தார். நீ இருபத்தாறு வயதுப் பெண், உன்னை ஒருவரும் தூக்கிக்கொண்டு போக முடியாது என்று தெரிந்தும், அந்த அலுவலகத்துக்கு டி-பானே நிலக்கீழ் ரயிலில் போகும்போது ஒரு தரிப்பு முன்னதாகவே இறங்கி மீதி வழியை நடந்தேன். கவுண்டரில் இருந்த இளைஞன் கடிதத்தை வாசித்தான். இரண்டாவது தரமும் வாசித்தான். இவ்வளவு பழைய கோவை இன்னும் இருக்கிறதா என்று தேட வேண்டும், ஆனால் இது வந்து சேர்ந்ததென்று இன்றைக்கே பதிவு செய்கிறேன் என்றான். "இந்த நிருபன் உங்கள் மகனா?" என்று கேட்டான். ஓம், என் மகன் என்றேன். இந்த நாட்டில் ஒரு அலுவலகத்தில் நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. முத்திரை குத்திய பிரதியைச் சல்மாவுக்கு அனுப்பினேன்.

நீ புது நாட்டுக்குப் போகும்போது தாய் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனாலும் ஒன்று. அங்கே நீ அந்நியப் பெண்ணாக இருப்பாய். வழி காட்டுகிறவர்களும் சாப்பாடு தருகிறவர்களும் உன்னோடு இருந்து சொற்களைப் பிரித்துக் காட்டுகிறவர்களும் வருவார்கள். ஏதாவது இக்கட்டு வந்தால், அவர்களில் யாரைப் பற்றிச் சொன்னால் மற்றவர்கள் இலேசாக நம்புவார்கள் என்று உன் மனம் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடும். என் மனம் அப்படித்தான் கண்டுபிடித்தது. அந்த நொடியில் வாயை மூடு. பயத்தில் நீ ஊமையாக நின்றால்கூடப் பரவாயில்லை. இன்னொன்று: ஒரு பிள்ளை உன்னிடம் சாவைப் பற்றிக் கேட்டால் சாவு என்றே சொல். நீ ஆறு வயதில் அதைத் தாங்கியிருப்பாய். தாங்க முடியாமல் இருந்தது நான்.

நிருவின் படத்தை அப்பா நேற்று அலுமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தார். இதனோடு வைத்திருக்கிறேன். உன்னுடைய நெற்றி அவனுடையது. வாழைப்பழத்தை நடுவால் முறித்து, இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு, எதை முதலில் சாப்பிடுவது என்று தெரியாமல் நிற்பான். அவனைப் பற்றி அப்பாவிடம் கேள். கேட்பாய் என்று காத்துக்கொண்டு இருக்கிறார்.

படத்தின் பின்பக்கம் சல்மாவின் தொலைபேசி இலக்கம் இருக்கிறது. கடிதத்தின் பிரதி கிடைத்ததும் நேற்று முன்தினம் அவள்தான் எனக்குத் தொலைபேசி எடுத்தாள். நான் ஆய்வைப் பற்றிச் சொன்னேன். "பறவைகளின் பெயர்களா?" என்று கேட்டாள். ஓம் என்றேன். "அவள் என்னோடு கதைக்கலாம். எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். நீ இனி எடுக்காதே" என்றாள். சரி என்றேன். வைத்துவிட்டாள்.

எடு, ஆரபி. போவதற்கு முன்பே எடு. நான் பக்கத்தில் இருக்கமாட்டேன், என்ன கதைத்தீர்கள் என்றும் கேட்கமாட்டேன். என்னைப் பற்றி அவள் என்ன சொன்னாலும் நம்பு.

அம்மா